காவலாளி எத்தனை தடவை எழுவான்

மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் சனிக்கிழமை மதியம் கூடுகிற ஐந்தாறு பேருக்குச் சொந்தமாக ஒரு பெட்டி உண்டு. கடையில் வாங்கிய கார்டுகள் சலித்துப்போய், தாங்களே வரைந்து விதி எழுதிய கார்டுகளை அதில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடுவார்கள். பெட்டிக்குள் நுழைவது லேசுப்பட்ட காரியமில்லை. புதுக் கார்டு மூன்று வாரம் சுவரில் தொங்க வேண்டும். அதற்குள் யாராவது விதியில் சந்தேகம் கேட்டால், எழுதினவர் பதிலைக் கார்டிலேயே எழுதியாக வேண்டும். கேட்டவர் அந்தக் கார்டை வைத்துக்கொண்டு, எழுதினவரோடு ஓர் ஆட்டம் போடுவார். பத்துச் சுற்றுக்குள் அவர் ஜெயித்துவிட்டால், கார்டுக்கு அளவுக்கு மீறின பலம் என்று கிழித்துப் போடுவார்கள்.

கீழே லென்ஸ் தேய்க்கிற அண்ணிக்கு இது முதல் கார்டு. பெயர் ‘காவலாளி’. எதிராளியின் ஒரு தாக்குதலைத் தடுத்துவிட்டுச் செத்துப்போவான். படம் வரையவே ஒரு மாதம் ஆகியிருந்தது. மூன்றாவது வாரமும் முடியப்போகிற நேரத்தில், கூரியர் வேலை பார்க்கும் கொழுந்தன் கையைத் தூக்கினான்.

“அண்ணி, செத்த காவலாளியை ‘மீட்பு’ கார்டு போட்டு எழுப்பினா, மறுபடியும் தடுப்பானா?”

அண்ணி அவனை முறைத்தாள். பெட்டிக்குப் பொறுப்பான பல்லக்காவும் (பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள்) இவனும் மாடிப்படியில் இரண்டு மீட்பு கார்டுகளைக் கைமாற்றியதை முந்தாநாள்தான் பார்த்திருந்தாள்.

“மூணு வாரமா வாயைத் திறக்கல. இன்னைக்கு என்னடா ஞானோதயம்?”

“இப்பத்தான் தோணுச்சு.”

“தோணும், தோணும்.”

தடுப்பான் என்று எழுதினால் இவன் எழுப்பி எழுப்பியே ஜெயிப்பான், கார்டு குப்பைக்குப் போகும். அண்ணி பேனாவை எடுத்தாள். ‘ஓர் ஆட்டத்தில் ஒரே தடவைதான் தடுப்பான். திரும்ப எழுந்தாலும் சும்மா நிற்பான்.’

“போதுமாப்பா?”

“ரொம்ப திருப்தி,” என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆட்டம் முழுக்க அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் சுற்றில் காவலாளி வந்தான், தடுத்தான், செத்தான். மீட்பு வரவே இல்லை. ஒன்பதாம் சுற்றில் கொழுந்தன் தோற்றுப்போனான்.

“விட்டுக்கொடுத்தியா?”

“உங்களுக்கா? அதுக்குத்தான் வீட்ல எங்கண்ணன் இருக்கானே.”

பல்லக்கா முகத்தில் ஈயாடவில்லை. கடனே என்று காவலாளியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

“மீட்பு ரெண்டும் எங்கடா?”

“அவங்ககிட்டதான். நான்தான் கொடுத்தேன். வாங்கும்போதே அவங்க கண்ணு சுவத்துல உங்க காவலாளி மேலதான் இருந்துச்சு. பெட்டிக்குள்ள போயிட்டா அப்புறம் விதியை மாத்த முடியாதுல்ல? காவலாளியை எழுப்பி எழுப்பியே எல்லாரையும் வெளுத்து வாங்கியிருப்பாங்க. கடைசியில கிழிபடறது உங்க கார்டுதான்.”

“இதை முன்னாடியே எங்கிட்ட சொல்லித் தொலைச்சா என்ன?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?”

அண்ணி கையை நீட்டி அவன் கார்டுக் கட்டை வாங்கினாள். மேசை விளக்கின் கீழே ஒவ்வொரு கார்டாகப் புரட்டிப் பார்த்தாள். நாற்பது கார்டிலும் மீட்பு இல்லை.

“சரி,” என்றாள். “சட்டைப் பையையும் காட்டு.”