கட்டுரைக்குச் சொந்தக்காரர்

"மேடம், உங்க கட்டுரையைப் பாத்துத்தான் மருந்து கொடுத்தேன். குழந்தைக்கு வலிப்பு வந்துடுச்சு. நல்லவேளை, பொழச்சுக்கிச்சு."

வெளியூரிலிருந்து போனில் முன்பின் தெரியாத ஓர் இளம் டாக்டர் இப்படிச் சொன்னதும் குழந்தை மருத்துவரான டாக்டரம்மா கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தார். இணையத்தில் தன் பழைய கட்டுரையைத் திறந்தார். பெரியவர்களுக்கான மருந்தளவு அட்டவணையில் குழந்தைகளுக்கான கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. அது வெளிவந்த மருத்துவ இதழ் அலமாரியில் இருந்தது; அந்த அச்சுப் பிரதியிலோ எல்லாம் சரி. பழைய இதழ்களைக் கணினியில் ஏற்றியபோது எந்தப் புண்ணியவானோ மாற்றிவிட்டிருக்கிறான்.

திருத்தச் சொல்லலாமென்றால், யாரிடம் சொல்வது? இதழைத் தொடங்கிய டாக்டர்கள் சங்கத்தில், "அதை எப்பவோ அச்சகத்துக்கு வித்தாச்சே" என்றார்கள். அச்சக முதலாளியின் மகன், "அப்பா காலத்துலேயே வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போயிடுச்சும்மா" என்று கைகழுவினார். அந்தக் கம்பெனியை இன்னொன்று விழுங்க, அதையும் ஒரு முதலீட்டு நிறுவனம் செருப்புக் கம்பெனி, சிமெண்டுக் கம்பெனியோடு சேர்த்து வாங்கிப் போட்டிருந்தது. அங்கே போனை எடுத்த பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"அதை ஏத்தினது பழைய ஓனர் மேடம். மாத்தணும்னா ஆசிரியர் குழு ஒத்துக்கணும்."

"சரி, குழுவுல யாரு இருக்காங்க?"

"கைமாறினப்பவே எல்லாரும் விலகிட்டாங்க மேடம்."

"விக்கிறதுக்கு ஆள் இருக்கு, திருத்துறதுக்கு இல்லையா? வெக்கமா இல்ல?"

போன் துண்டிக்கப்பட்டது.

"விடேன், எதுக்கு வீணா பி.பி.யை ஏத்திக்கிறே?" என்றார் கணவர்.

"ஏங்க, அதுல என் பேரு போட்டிருக்கு. அதை நம்பித்தானே பச்சப்புள்ளைங்களுக்கு மருந்து கொடுக்கறாங்க!"

அன்றே அச்சுப் பிரதியின் பக்கத்தைப் படமெடுத்து, 'சரியான அளவு இதுதான்' என்று எழுதித் தன் கிளினிக்கின் இணையப் பக்கத்தில் போட்டார். மறுநாள் காலையில் படத்தைக் காணவில்லை. அந்த முதலீட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்திருந்தது. அந்த இதழ்ப் பக்கம் எங்கள் உடைமை, படத்தை நீக்கச் செய்துவிட்டோம், மீண்டும் வெளியிட்டால் வழக்குத் தொடுப்போம் என்றிருந்தது. கீழே வக்கீலின் பெயர், நேரடித் தொலைபேசி எண்.

"அடப்பாவிங்களா! இத்தனை நாள் எங்கடா இருந்தீங்க?"

"கேஸ் போட்டுடுவாங்களோ?" கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"போடட்டுமே. நாங்கதான் ஓனர்னு கோர்ட்டுல அவங்க வாயாலேயே சொல்லணும்ல!"

படத்தை மறுபடியும் ஏற்றிவிட்டு, கிளினிக்குக்குப் போய், கட்டுரையைத் திருத்தச் சொல்ல அந்த வக்கீலின் எண்ணை அழைத்தார். காத்திருக்கச் சொல்லி ஏதோ பியானோ இசையைப் போட்டார்கள். அவர் வைக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, "உள்ள வாங்கம்மா" என்றார். காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தையுடன் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா சொட்டு மருந்தை வெளிச்சத்தில் பிடித்து அளந்தார். இசை ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, சத்தம் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பியது.