பால் லாரியில் பதினாலு பாடம்

வேல்ஸ் நாட்டின் டெய்வி பள்ளத்தாக்கில் பால் லாரி ஓட்ட வந்து எனக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது. தினமும் பதினொரு பண்ணையில் பால் எடுக்க வேண்டும். நான் லாரியை முற்றத்தில் திருப்பும்போது கொட்டகைக்குள் இரண்டு பேர் வெல்ஷில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் இறங்கியதும் சிரிப்பு நிற்கும். அடுத்த வார்த்தை இங்கிலீஷில் வரும். மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்தார்கள், யாரும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் நான் வந்தேன் என்பதற்காகவே ஒரு பேச்சு நின்றுபோவதைத் தினமும் பதினொரு தடவை பார்த்துக்கொண்டிருந்தால் மனசு எப்படியோ ஆகிவிடுகிறது.

என் பேர் நெஸ்டா பவல். பேரில் மட்டும்தான் வெல்ஷ். பிறந்து வளர்ந்தது நியூபோர்ட்டில். எங்கள் தெருவில் அந்த மொழியை ரோட்டுப் பலகைகளில்தான் பார்த்திருக்கிறேன்.

நாற்பத்தேழாவது வயதில், ஒரு ஜனவரியில், போனில் பாடங்களை இறக்கிக்கொண்டேன். அதில் புத்தகம் கிடையாது. இலக்கணம் கிடையாது. ஒரு பெண் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்வாள். சற்று இடைவெளி விடுவாள். அதற்குள் நாம் அதை வெல்ஷில் சொல்லிவிட வேண்டும். ஒரு பாடம் அரை மணி நேரம். முதல் பண்ணைக்கும் இரண்டாம் பண்ணைக்கும் நடுவே முக்கால்வாசி முடிந்துவிடும்.

அந்தப் பெண்ணின் குரல் எனக்குப் பிடித்திருந்தது. "தப்பா வந்தாலும் வாயைத் திறந்து சொல்லிடுங்க," என்பாள். "நேத்துப் படிச்சது மறந்துபோச்சா? பரவாயில்ல. மறந்து மறந்துதான் அது உள்ள இறங்கும். திரும்பக் கேக்காம அடுத்த பாடத்துக்குப் போங்க."

நான் போனேன். லாரிக்குள் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுப் பேசினேன். எதிரே வந்த டிராக்டர்காரர்கள் யாரோடு சண்டை போடுகிறேன் என்று பார்த்தார்கள்.

வெளியே பேசிப் பார்த்தபோதுதான் அவமானம். லாம்பிட்டர் ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றபடி மனசுக்குள் ஒன்பது தடவை சொல்லிப் பார்த்து, கடைசியில் வெல்ஷில் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் கனிவாகச் சிரித்து இங்கிலீஷில் பதில் சொன்னாள். லாரிக்குத் திரும்பி, வாங்கியதைச் சாப்பிட்டுவிட்டு, பத்து நாள் பாடத்தைத் தொடவே இல்லை.

பிறகு இத்வாலிடம் முயன்றேன். இத்வாலுக்கு அறுபத்தெட்டு வயசு. என் வழியில் நாலாவது பண்ணை அவருடையது. ஒரு நாளைக்கு எனக்காக ஏழெட்டு வார்த்தை செலவழிப்பார். பால் எத்தனை டிகிரி என்பார். ரோடு வழுக்கும் என்பார். அவ்வளவுதான். முசுடு என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். அவரிடம் போய், மழை பெய்கிறது என்று வெல்ஷில் சொன்னேன். வெல்ஷில் மழை பெய்வதை 'எறிகிறது' என்பார்கள். 'பூரு' என்பது அந்தச் சொல். அவர் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆம். மழை," என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பதினாலாவது பாடம் முடிந்திருந்த பிப்ரவரியில் ஒரு காலை. இத்வாலின் முற்றத்தில் அவரைக் காணோம். பால் டேங்கைச் சோதித்து, குழாயை மாட்டி, பம்பைப் போட்டேன். கன்று ஈனும் கொட்டகையிலிருந்து ஒரு மாட்டின் முனகல் கேட்டது. பிறகு இத்வாலின் குரல். என்னைக் கூப்பிடவில்லை, அவர் மனைவி ஐர்லிஸைக் கூப்பிட்டார். ஐர்லிஸின் கார் முற்றத்தில் இல்லை.

கதவுகிட்டே போய் நின்றேன். ப்ரிதென் என்ற புள்ளி மாடு வைக்கோலில் சரிந்து கிடந்தது. இத்வால் அதன் பின்னால் மண்டியிட்டிருந்தார். வலது கை தோள்வரை மாட்டுக்குள்ளே. கன்னத்தை மாட்டின் தொடையில் அழுத்தியிருந்ததால் முகம் என்னைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பியிருந்தது. இரண்டு சின்னக் குளம்புகள் வெளியே தெரிந்தன. அவற்றில் கயிறு கட்டியிருந்தது.

அவர் வெல்ஷில் ஏதோ சொன்னார். எனக்கு 'பூரு' மட்டும் பிடிபட்டது. கொட்டகைக்குள் மழையா என்று ஒரு நொடி கூரையைப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. மாடு கன்று போடுவதற்கும் அதே சொல்தான். இதை எந்தப் பாடமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எப்படிப் புரிந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"தலை பின்னாடி மடங்கிக் கெடக்கு," என்றார் வெல்ஷிலேயே. "ஒருத்தனா தலையையும் கயித்தையும் பார்க்க முடியல. மாட்டு டாக்டர் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகுமாம். அதுவரைக்கும் இது தாங்காது."

எனக்கு வெல்ஷில் என்ன சொல்வது என்று யோசிக்க நேரமில்லை. பாடத்தில் அந்தப் பெண் இடைவெளி விடுவாளே, அதுபோல அவர் பேசி நிறுத்தியதும் என் வாய் தானாகத் திறந்தது.

"நான் என்ன செய்யணும்?"

"கயித்தைப் பிடி. இழுக்காத. சும்மா பிடி."

ஓடிப்போய்ப் பம்பை நிறுத்திவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தேன். அவர் கன்றை உள்ளே தள்ளி, தலையைத் துழாவினார். மாடு முக்கியதும் கை நெரிபட, அவர் பல்லைக் கடித்தார். மூச்சு திரும்பியதும் மறுபடி பேச ஆரம்பித்தார்.

"விடு, கொஞ்சம் விடு. ம், அப்படித்தான். மூக்கு கிடைச்சிருச்சு. நல்ல பொண்ணு. நல்ல பொண்ணு நீ."

"நன்றி," என்றேன்.

"உன்னைச் சொல்லல, மாட்டைச் சொன்னேன்," என்றார். அவர் சிரித்தது மாட்டின் உடம்பு வழியாகக் கயிற்றில் எனக்குத் தெரிந்தது.

வெல்ஷிலும் நீ என்றும் நீங்கள் என்றும் இரண்டு உண்டு. பாடத்தில் எனக்கு வந்ததெல்லாம் நீங்கள்தான். அவர் என்னை நீ என்றார். மாட்டையும் அதே நீ. யார் கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள் என்பதே அப்போது அவர் நினைப்பில் இல்லை.

"தலை திரும்பிருச்சு. இப்ப முக்குவா பாரு. அவ முக்கறப்ப மட்டும் இழு. கீழ்ப்பக்கமா, தரையைப் பார்த்து. இப்ப."

இழுத்தேன்.

"போதும். அவ நிறுத்தினா நீயும் நிறுத்து. மூச்சு விடட்டும். நீயும் விடு."

நிறுத்தினேன். இப்ப, வேண்டாம், மெதுவா, இன்னும், காத்திரு. எல்லாம் முதல் நாலு பாடத்தில் வந்த சொற்கள். காபி வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லப் பழகிய அதே சொற்கள். அவை இப்போது ஒரு உயிரை வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தன. தலை வந்தது. நாக்கு நீலமாகத் தொங்கியது. தோள் வந்தது. பிறகு எல்லாம் ஒரே வழுக்கலில் வந்து என் முழங்காலில் விழுந்தது.

கன்று அசையவில்லை. இத்வால் அதன் வாயைத் துடைத்தார். ஒரு வைக்கோலை எடுத்து மூக்குத் துளைக்குள் விட்டுத் திருகினார்.

"தேய்," என்றார். "வலிக்குமேன்னு பார்க்காத. நல்லாத் தேய்."

நான் வைக்கோலை அள்ளி அதன் விலாவைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வாயில் ஏதோ முணுமுணுப்பு. ஜெபமா, திட்டா என்று தெரியவில்லை. கன்று தும்மியது. என் உள்ளங்கைக்குக் கீழே விலா ஒரு தடவை உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். ப்ரிதென் தலையைத் திருப்பிக் கன்றை நக்க ஆரம்பித்தது. அந்த ஈர உடம்பிலிருந்து ஆவி எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இங்கிலீஷுக்காக அவர் வாய் திறப்பது தெரிந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"இவ்வளவு நேரம் நான் எதுல பேசினேன்?" என்று வெல்ஷில் கேட்டார்.

"இதுல."

"நீ?"

"இதுலயே. நிறைய தப்பு."

"ஒருத்தரும் எண்ணல, நெஸ்டா பாக்," என்றார். பிரியமானவர்களின் பேருக்குப் பின்னால் இங்கே அந்தப் பாக் ஒட்டிக்கொள்ளும். ஆறு வருடத்தில் அவர் என் பேரைச் சொன்னதே அதுதான் முதல்முறை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்த மனிதர் பேச ஆரம்பித்தார். ப்ரிதெனின் அம்மா ஒருநாள் சர்ச்சுக்குள் புகுந்து பூவைத் தின்றதைச் சொன்னார். பாதிரியார் மாதிரிப் பேசிக் காட்டினார். மாடு மாதிரி மென்று காட்டினார். பாதி எனக்குப் புரியவில்லை, ஆனாலும் வயிறு வலிக்கச் சிரித்தேன். இங்கிலீஷில் ஏழெட்டு வார்த்தையோடு நின்றுவிடுகிற ஆளுக்குள் இப்படி ஒருத்தர் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் என்று ஆறு வருடம் நான் அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். அவரைப் பார்த்ததே இல்லை.

மற்ற பத்து முற்றங்களும் ஞாபகத்துக்கு வந்தன. அங்கே இருக்கிறவர்கள் யார் யாரோ, எனக்கு என்ன தெரியும்?

ஐர்லிஸின் கார் முற்றத்தில் வந்து நின்றது. அவர் வாசலில் நின்று கன்றைப் பார்த்தார், ரத்தமும் வைக்கோலுமாக இருந்த என்னைப் பார்த்தார்.

"ஐயோ, உங்களை இவர் படுத்தியிருப்பாரே," என்றார் இங்கிலீஷில்.

"இல்ல. கதை சொல்றார்," என்றேன் வெல்ஷில். வெல்ஷில் வினைச்சொல் முதலில் வர வேண்டும். நான் இங்கிலீஷ் மாதிரி ஆளை முதலில் போட்டுவிட்டேன்.

ஐர்லிஸ் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சர்ச் கதையா?" என்று கேட்டார், வெல்ஷில். "பாதிரியார் கதவைச் சாத்தினதைச் சொன்னாரா? அதை மட்டும் எப்பவும் விட்டுடுவார்."

"விடல. அதுக்குத்தான் வந்துட்டிருந்தேன்," என்றார் இத்வால்.

இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், வேகமாக, ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டு. யாரும் எனக்காக வேகத்தைக் குறைக்கவில்லை. பால் டிப்போவிலிருந்து போன் அடித்தது. எடுக்காமல் விட்டேன்.

"அப்புறம்?" என்று கேட்டேன்.