சேலை கட்டிய எஞ்சின்

எனக்குப் பொய் சொல்ல வராது. ஆலங்குடியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். உயிரோடு இருப்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். செத்தவர்கள் யாரும் மறுத்ததில்லை.

நான் ஓட்டியது கடலை மண்டி ரெங்கசாமி முதலாளியின் ஜீப்பு. அமெரிக்காக்காரன் யுத்தத்துக்குக் கொண்டுவந்து, திரும்ப எடுத்துப்போக மனசில்லாமல் ஏலத்தில் விட்டுப்போன வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். கியர் கம்பிக்கு அருகில் இன்னொரு குட்டைக் கம்பி உண்டு. அதை இழுத்தால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். ஒருமுறை கம்மாய்ச் சேற்றில் மாட்டி அதை இழுத்தேன். வண்டி ஏறிவிட்டது. கம்மாய்தான் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது.

உதிரிப்பாகம் கேட்டால் மெட்ராஸில் கிடைக்கும் என்பார்கள். மெட்ராஸில் கேட்டால் அமெரிக்காவில் கிடைக்கும் என்பார்கள். ஆகவே கையில் இருப்பதை வைத்துத்தான் வைத்தியம். வாரம் தவறாமல் கிரீஸ் வைப்பேன், பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுவேன், போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்து முடுக்குவேன். அழகி, என் சம்சாரம், "எனக்கு ஒரு நா எண்ணெ தேச்சு விட்டிருப்பீகளா?" என்று கேட்பாள். நியாயமான கேள்விதான்.

ஐம்பத்தாறாம் வருஷம், பொன்னமராவதியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கச்சி மூக்காயி தன் மகள் செவந்திக்குக் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் நான். பிள்ளையை மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மடி இல்லாமல் குத்தினால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, தாய்க்குத்தான் ஆகும். பிறந்த வீடு இல்லாதவள் என்று சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அவள் மாமனார் சோலையப்பன் முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார். "ஒங்கண்ணன் அந்த ஓட்டை வண்டிய நம்பி வந்தா, பிள்ளைக்குக் காதுகுத்து நடக்காது, கலியாணந்தான் நடக்கும். பத்தரைக்குள்ள வரலைன்னா வேற எவன் மடியிலயாச்சும் வச்சுக் குத்திருவோம்" என்று ஊர் கேட்கச் சொல்லியிருந்தார். மூக்காயி எனக்கு ஆள்விட்டாள்: "வெறுங்கையோட வந்தாலும் சரி, வந்துரச் சொல்லுங்க."

முதலாளியிடம் ஜீப்பைக் கேட்டேன். "கொண்டு போடா. திரும்பி வந்தாச் சரி. வராட்டி இன்னும் சரி" என்றார்.

விடியுமுன் கிளம்பினோம். பின்னால் சீர்த் தட்டுகள்: ஒரு தார் வாழைப்பழம், காப்பரிசிக்குப் பச்சரிசியும் வெல்லமும், தங்கச்சிக்கு அரக்குச் சேலை. நடுவில் அழகி.

நமணசமுத்திரம் தாண்டியதும் பின்னச்சு புலி மாதிரி உறும ஆரம்பித்தது. படுத்துப் பார்த்தேன். அச்சின் நடுவே இருக்கிற குடத்தில் பல்சக்கரங்கள் எண்ணெயில் முழுகி ஓட வேண்டும். எண்ணெய் வழிநெடுக ஒழுகிப்போயிருந்தது. இப்படியே ஓட்டினால் பல் தெறிக்கும்.

"அழகி, பழத்த உரி."

"பசிக்கிதா?"

"எனக்கில்ல. வண்டிக்கு."

அவள் என்னைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள், உரித்தாள். ஒவ்வொன்றாகப் பிசைந்து மூடித் துளை வழியே திணித்தோம். கடைசிச் சீப்பு உள்ளே போனதும் புலி பூனையானது.

பனையபட்டி வருவதற்குள் ஃபேன் பெல்ட் அறுந்தது. மாற்று பெல்ட் கிடையாது. கயிறு கட்டினேன், அறுந்தது. என் துண்டைக் கட்டினேன், புகைந்தது. நான் சேலைத் தட்டைப் பார்க்கவே இல்லை. அழகிதான் அதை எடுத்து மடியில் வைத்து, ஜரிகையை ஒருதரம் தடவினாள்.

"சேல போனா மூக்காயி ஒரு நாளு அழுவா. நீங்க போகலைன்னா?" என்று சொல்லி, பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள். முறுக்கிக் கட்டினேன். எஞ்சின் புதுப்பெண் மாதிரி அடக்கமாக ஓடியது.

சூடேறியிருந்த ரேடியேட்டர் அதற்குள் விரிசல் விட்டு ஒழுக ஆரம்பித்தது. அரிசியையும் வெல்லத்தையும் தண்ணீரோடு ஊற்றினேன், ஓட்டை அடைத்துக்கொண்டது. வண்டிக்கு முன்னால் பொங்கல் வாசனை போக, பின்னால் நாங்கள் போனோம்.

அப்புறம் டியூப் வெடித்தது. ஸ்டெப்னி என்று ஒன்று அந்த வண்டிக்கு இருந்ததாக முதலாளி சொல்லுவார். வயலில் வைக்கோல்போர் போட்டிருந்த ஒரு புண்ணியவானைக் கேட்டேன். "வைக்கோலா? மாட்டுக்கா?" என்றார். "டயருக்கு" என்றேன். மறுகேள்வி கேட்காமல் கட்டுக் கட்டாகக் கொடுத்து, டயருக்குள் திணிக்க முழங்காலும் கொடுத்தார். பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

வைக்கோல் டயர் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கொன்னையூர் மேய்ச்சலில் இருந்த மாடுகள் வாசனை பிடித்துவிட்டன. திரும்பிப் பார்த்தால் ஒரு மந்தையே பின்னால் ஓடிவருகிறது. ஒரு கிழட்டுப் பசு ஓடிக்கொண்டே டயரை நக்கியது. அந்தப் பயத்தில்தான் ஜீப்பு கடைசி மேட்டை ஏறியது. குட்டைக் கம்பியை நான் தொடவே இல்லை.

பத்தரைக்குக் கொஞ்சம் இருக்கும்போது பந்தல் வாசலில் நின்றோம், நாங்களும் மாடுகளும். மூக்காயி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சோலையப்பன் வந்தார். அந்தப் பக்கத்து வழக்கம், மாமன் சீரை வீட்டுப் பெரியவர் தட்டுத் தட்டாகச் சபைக்குச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். தட்டுகளைப் பார்த்தார். எல்லாம் காலி.

"என்ன மாப்ளே, சீரு எங்க?"

"வண்டியில இருக்கு மாமா."

"இந்த மாடுகளுமா?"

"அதுக சும்மா வந்துச்சுக மாமா."

பானட்டைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். பின்னச்சைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டு, விரலில் ஒட்டியதை முகர்ந்தார். வைக்கோல் பிதுங்கிய டயரைக் காலால் தட்டினார். மூக்காயி கண்ணை மூடிக்கொண்டாள். சபை சிரிக்கத் தயாராக இருந்தது.

சோலையப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சிரிக்காமல் சத்தம் கொடுத்தார்.

"தாய்மாமன் சீரு! பழம் ஒரு தாரு, பின்னச்சுல இருக்கு! அரிசி வெல்லம், பொங்கிக் கொண்டாந்திருக்காக! சேல ஒண்ணு, எஞ்சின் கட்டியிருக்கு!" கொஞ்சம் நிறுத்தி, "மடி ஒண்ணு, சரியான நேரத்துக்கு வந்திருக்கு! ஆசாரியக் கூப்பிடுங்கப்பா!"

சபை சிரித்த சிரிப்பில் மாடுகள் கலைந்தன. பெல்ட்டுக்குத் தாங்காது என்று மூட்டையிலேயே விட்டிருந்த தன் மாற்று நூல்புடவையை அழகி மூக்காயியின் தோளில் போட்டாள். செவந்தி என் கிரீஸ் மடியில் உட்கார்ந்தாள். ஊசி போனபோது அவள் அழவில்லை. என் கண்ணில்தான் பெட்ரோல் பட்டுவிட்டது.

ரேடியேட்டர் பொங்கலை யாராவது சாப்பிட்டார்களா என்று கேட்பீர்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆகவே சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆயுதபூசைக்கு மூக்காயி வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. வெற்றிலை மேல், குங்குமம் வைத்து, சுருட்டிய புது ஃபேன் பெல்ட். சோலையப்பன் மதுரைவரை போய் அலைந்து வாங்கியதாம். தட்டை இரண்டு கையாலும் வாங்கினேன். ஆனால் பெல்ட்டை மாட்டவில்லை. ஜீப்பு ஓடின காலம் முழுக்க அந்தச் சேலைதான் ஓடியது, சாயம்கூடப் போகவில்லை. பெல்ட் எங்கள் சாமி மாடத்தில் இருக்கிறது. அழகி வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பொட்டு வைக்கிறாள். அவளுக்கு எண்ணெய் தேய்ப்பது நான்.