கோட்டுக்குப் பதில் இரண்டு சட்டை

கண்ணாடிக் கடையில் அவருக்குக் கறுப்பு வெள்ளை என்று பெயர். பழைய கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து இறங்கி நேராக வேலைக்கு வந்தவர் மாதிரி உடுத்துவார் என்பதால், பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர் வைத்த பெயர். அதைக் கேலி என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை, பட்டம் என்று எடுத்துக்கொண்டார். தொப்புளுக்கு மேலே ஏறி நிற்கும் கால்சட்டை, அதைத் தாங்கத் தோள்வழியே இரண்டு வார்கள், கத்தி மாதிரி மடிப்பு, பளபளவென்று தேய்த்த தோல் காலணி. எல்லாமே அவர் பிறப்பதற்கு முன்னால் தைத்தவை. புதுத் துணியைத் தொட்டாலே கை கூசுகிறது என்பார். அலமாரி நிறைந்து, கட்டிலுக்கு அடியில் நிறைந்து, கடைசியில் குளியலறைக் கதவுக்குப் பின்னாலும் துணி தொங்க ஆரம்பித்தபோது அவருடைய மனைவி, "இந்த வீட்டுல உங்க துணிதான் சொந்தக்காரங்க, நான் குடக்கூலிக்கு இருக்கேன்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை.

வருடக் கடைசி நாளில் அவருக்கு ஒரு வேலை உண்டு. அந்த வருடம் உடுத்தியதில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதித் தன் இணையப் பக்கத்தில் போடுவார். மூவாயிரம் பேர் அதற்காகக் காத்திருப்பார்கள், அல்லது காத்திருப்பதாக அவர் நம்பினார். எழுத்தில் உபதேசம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். வாங்கிக் குவிக்காதீர்கள், குறைவாக வைத்திருங்கள், தூக்கி எறிந்ததில் அழகைக் கண்டுபிடியுங்கள் என்றெல்லாம் வரும். இந்த வருடம் முதல் இடம் எதற்கு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு. இரண்டு வரிசைப் பொத்தான், அகலமான காலர், உள்ளே பட்டுத் துணி. கடைசிக்கு முந்தைய பொத்தானை மட்டும் யாரோ கருநீல நூலால் தைத்திருந்தார்கள். வேறு யாராவது என்றால் பிரித்துப் பழுப்பு நூலால் தைத்திருப்பார்கள். இவருக்கு அந்த நீல நூல்தான் உயிர். ஒரு கை பட்டிருக்கிறது, ஒரு வாழ்க்கை நடந்திருக்கிறது, அதை அழிக்கலாமா என்பது அவர் கட்சி. படத்துக்குக் கீழே, "இது என்னைத் தேடி வந்தது" என்று எழுதி வைத்திருந்தார்.

தேடியெல்லாம் வரவில்லை. இவர்தான் எடுத்தார்.

அவருடைய குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில், வருடா வருடம் டிசம்பரில், சுற்றுப்பட்ட தெருக்களிலிருந்து பழைய துணிகள் வந்து சேரும். வீடில்லாதவர்கள் இரவு தங்கும் விடுதிக்குப் போக வேண்டிய துணிகள். துணியைப் பற்றித் தெரிந்தவர் என்று குடியிருப்புக்காரர்கள் இவரைப் பிரித்து அடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஐந்து வருடமாக ஒரு நாள் தவறாமல் செய்கிறார். ஆண்கள் குவியல், பெண்கள் குவியல், குழந்தைகள் குவியல், கிழிசல் தனி. நடுநடுவே ஒரு நல்ல பழசு கையில் மாட்டும். அதற்கென்று அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒன்றை எடுத்தால் இரண்டை வைக்க வேண்டும், வைப்பது உறை பிரிக்காத புதுச் சட்டையாக இருக்க வேண்டும். அங்கே இருக்கிறவனுக்குக் காலர் எத்தனை அகலம் என்பதா முக்கியம், புதுசாக இரண்டு கிடைத்தால் கசக்குமா என்று தனக்குத்தானே வாதாடித் தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொள்வார். விடுதி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. இந்த ஐந்து வருடத்தில் அவர் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுத்ததில்லை.

வருடம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஓர் அம்மா கண்ணாடி வாங்கிக்கொள்ள வந்தார். எழுபது வயது, ஓய்வுபெற்ற டீச்சர். முந்தின வாரம் கண் பரிசோதனைக்கு வந்தபோதே, கணவர் படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் தன் கண்ணைக் கவனிக்கவில்லை, அவர் கோடையில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொல்லியிருந்தார். அன்று கடையில் நல்ல குளிர். யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம் காற்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கறுப்பு வெள்ளை பழுப்புக் கோட்டில் இருந்தார். டீச்சரை நாற்காலியில் உட்காரவைத்துப் புதுக் கண்ணாடியை மாட்டி, மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று குனிந்து பார்த்தார். குனிந்தால் அவருடைய வயிறு டீச்சரின் கண்ணுக்கு நேரே வரும்.

டீச்சர் அசையாமல் இருந்தார். எழுத்துப் பலகையைப் பார்க்கச் சொன்னதற்கும் திரும்பவில்லை. ஏதாவது மங்கலாக இருக்கிறதா என்று இவர் கேட்டார்.

"இல்ல தம்பி. நல்லாத் தெரியுது," என்றார் டீச்சர். அவர் விரல் நீண்டு அந்த நீல நூல் பொத்தானைத் தொட்டது.

தெரிந்த பொத்தானைத் தொடுகிற விரல் என்று கறுப்பு வெள்ளைக்கு உடனே புரிந்தது; கோட்டு இந்த அம்மா வீட்டிலிருந்து வந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. ஊரைக் கூட்டப்போகிறார், முதலாளி வரப்போகிறார் என்று நினைத்தபடியே குனிந்த முதுகோடு நின்றார். டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மற்றவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, இந்தக் கோட்டு துணி சேகரிக்கிற இடத்திலிருந்து வந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றார் இவர். அதில் பொய் இல்லை.

"இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லப்பா," என்றார் டீச்சர். "கஷ்டம் யாருக்குத்தான் வரல. வாங்கிப் போட்டாலும் எவ்வளவு சுத்தமா, மடிப்புக் கலையாம போட்டிருக்க பாரு."

ஒரு நிமிடம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தன்னை அந்த அம்மா விடுதி வரிசையில் நின்று துணி வாங்கியவன் என்று நினைத்திருக்கிறார். பார்த்துப் பார்த்து உடுத்தியதெல்லாம், கிடைத்ததை மாட்டிக்கொண்ட கோலமாக அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். மறுத்தால் அடுத்த கேள்வி என்னவென்று உடனே தெரிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு, கண்ணாடியை உறையில் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் டீச்சர் ஒரு பெரிய துணிப்பையோடு வந்து நின்றார். கணவருடைய ஸ்வெட்டர், கழுத்துத் துண்டு, கம்பளிக் காலுறை, ஒரு ஜோடி காலணி. காலணிக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, அது அளவு கெடாமல் கொண்டுவந்திருந்தார். கவுண்டரில் ஆள் இருந்ததால் எதுவும் பேசாமல் இவர் கையில் பையைத் திணித்துவிட்டு, தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனதும் லென்ஸ் தேய்க்கிறவர் ஏப்ரனோடு வெளியே வந்தார். எதையும் கிண்டலடிக்காமல் விடாத மனிதர், அன்று கிண்டலடிக்கவில்லை. "ஏம்ப்பா, ஏதாச்சும் கஷ்டம்னா எங்கிட்ட சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். கறுப்பு வெள்ளை என்னவோ முணுமுணுத்தார். மதியம் தன் டப்பாவிலிருந்து பாதியை எடுத்து இவர் பக்கம் தள்ளினார் அந்த மனிதர். அதையும் தின்ன வேண்டியிருந்தது. அப்படிக் கூனிக் குறுகி அவர் எதையும் தின்றதில்லை.

அன்று வீட்டில் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளப் பார்த்தார், இடமில்லை. என்ன பை என்று மனைவி கேட்டதற்கு ஒருத்தர் கொடுத்தார் என்றார். கணினியைத் திறந்து, "இது என்னைத் தேடி வந்தது" என்ற வரியை அழித்தார். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பதினொன்றாகப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். யார் கவனிக்கப்போகிறார்கள் என்று தோன்றியபோதே, தனக்குக் கவலை டீச்சரைப் பற்றியா பக்கத்தைப் பற்றியா என்றும் தோன்றியது. பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. காலையில் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது, ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கடைக்கு எடுத்துப் போனார். கோட்டையும் போட்டுக்கொண்டுதான் போனார். போடாமல் போனால் டீச்சர் வருத்தப்படுவார் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னார்.

வருடத்தின் கடைசி நாள் மத்தியானம் டீச்சர் வந்தார். கண்ணாடியின் காதுக் கம்பி கொஞ்சம் அழுத்துகிறது, சரிசெய்ய வேண்டும். இவர் சரிசெய்யும்போது அவர் பேசிக்கொண்டே இருந்தார். கோட்டைக் கொடுக்கக் கூடாது என்று மகள் சண்டை போட்டாளாம். அப்பா ஞாபகமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றாளாம். குளிரில் நடுங்குகிற எவனாவது போட்டுக்கொள்ளட்டும் என்று கணவரே சொல்லிவிட்டுப் போனாராம். கொடுத்த பிறகு இரண்டு வாரம் தூக்கமில்லை, எங்கே கிடக்கிறதோ, யார் மிதிக்கிறார்களோ என்று.

"வருஷம் முடியுது, என்னடா செஞ்சோம்னு நேத்து உக்காந்து யோசிச்சேன். அவரைக் காப்பாத்த முடியல. வேற எதுவும் உருப்படியா செய்யல. இந்தக் கோட்டு உங்கிட்ட வந்து சேந்துச்சே, அது ஒண்ணுதான்பா." டீச்சர் பையிலிருந்து போனை எடுத்தார். "கொஞ்சம் நேரா நில்லு. மகளுக்கு ஒரு படம் அனுப்பணும்."

எப்படி நிற்பது என்று கறுப்பு வெள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முகவாயை எவ்வளவு தூக்குவது, எந்தத் தோளை முன்னால் கொண்டுவருவது எல்லாம் அத்துபடி. அன்று தோள் தூக்க மாட்டேன் என்றது. டீச்சர் போனைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பா என்றார். அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை.

"டீச்சர், இத எனக்கு யாரும் குடுக்கல," என்றார். "நானே எடுத்துக்கிட்டேன்."

டீச்சருக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். கூடம், குவியல், ஐந்து வருடம், ஒன்றுக்கு இரண்டு என்ற சட்டம் எல்லாம் சொன்னார். மனசுக்குள் இத்தனை நாள் நியாயமாக இருந்தது வாயால் சொல்லும்போது ஒவ்வொரு வார்த்தையாகத் திருட்டாக மாறிக்கொண்டு வந்தது. இருந்தாலும், இரண்டும் புதுச் சட்டைகள், நல்ல பருத்தி என்பதை விடாமல் சொன்னார். சொன்னதற்காக அந்தக் கணமே தன்னை வெறுத்தார்.

டீச்சர் போனை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"கோட்டுக்குப் பதிலா சட்டையா? இந்தக் குளிர்லயா?"

அவ்வளவுதான் கேட்டார். லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தின் சத்தம் பின்னறையில் நின்றிருந்தது. டீச்சர் எழுந்தார்.

"கழட்டுங்க," என்றார். 'தம்பி' போய்விட்டது, 'நீ' என்பதும் போய்விட்டது. முன்பின் தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதை. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் போல இருந்தது கறுப்பு வெள்ளைக்கு. கழற்றிக் கொடுத்தார். டீச்சர் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, கவுண்டர் ஓரத்தில் இருந்த தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு இவரைக் கூட வரச் சொன்னார். எங்கே என்று கேட்கிற துணிச்சல் இவருக்கு இல்லை. முதலாளியிடம் சொல்லிக்கொள்ளவும் தோன்றவில்லை.

தெருவில் காற்று ஊசியாகக் குத்தியது. டீச்சர் முன்னால் நடந்தார். மெல்லிய சட்டையும் தோள்வார்களுமாக, தோளில் பையோடு, இவர் நாலடி பின்னால் நடந்தார். பேருந்துப் பணிமனையைச் சுற்றிக்கொண்டு போனதும் விடுதி தெரிந்தது. சுவரை ஒட்டி முப்பது நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். வாசலில் ஒரு மேசை. கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் துணி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கோட்டை மேசைமேல் வைத்தார். தொப்பிக்காரப் பெண் அதை விரித்துப் பார்த்துவிட்டு, வரிசையின் முதல் ஆளிடம் நீட்டினாள். அவருக்கு அறுபது வயதிருக்கும். இரண்டு சட்டை போட்டு அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைச் சுற்றியிருந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தான்களைத் தப்புத் தப்பாகப் போட்டு, அந்த அகலக் காலரைத் தூக்கிக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கை இரண்டு அங்குலம் குட்டை. எப்படி இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. உள்ளே போய்விட்டார். டீச்சர் அவர் முதுகு மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொப்பிக்காரப் பெண் பையைப் பிரித்தாள். ஸ்வெட்டரை உதறி எடுத்தவள், பல் கிட்டித்துப்போய் நிற்கிற கறுப்பு வெள்ளையைப் பார்த்தாள். பழங்காலத்துக் கால்சட்டையையும் பார்த்தாள்.

"கோட்டு அதோட முடிஞ்சுதுண்ணே. சட்டைதான் நிறைய கெடக்கு," என்றாள். "இது போதுமா உங்களுக்கு?"

வரிசையில் இருந்தவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை.

"எனக்கு வேண்டாம்மா," என்றார் அவர். "வீட்டுல கோட்டு இருக்கு."

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். புதுக் கண்ணாடி வழியாக அவரை நன்றாகப் பார்த்தார்.

"எத்தனை இருக்கு?"

எண்ணிக்கை அவருக்குத் தெரியும். வருடக் கடைசிப் பட்டியலுக்காக முந்தாநாள்தான் எல்லாவற்றையும் வரிசையாக மாட்டிப் பார்த்திருந்தார். பழுப்பைக் கழித்துச் சொன்னார். சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை.

"கேக்கல," என்றார் டீச்சர்.

"பதினாலு," என்றார் கறுப்பு வெள்ளை, வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்படி.

தொப்பிக்காரப் பெண் ஸ்வெட்டரைத் திரும்ப மடித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.