கூட்டினால் இரண்டு

பூவரசனுக்கு வெளிநாட்டுக்காரன் மேல் ஒரு நாளும் பொறாமை வந்தது கிடையாது. ஜெர்மன்காரன் கம்ப்யூட்டர் நிரல் எழுதட்டும், ஜப்பான்காரன் எழுதட்டும், "அவனுங்க ஊரு அப்படி, காலேஜ் அப்படி" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார். அவர் வயிறு எரிய ஆரம்பித்ததெல்லாம், அவர் நிரலைத் திருத்தி அனுப்பிய ஃபர்ஹா லப்பைக்குடிக்காட்டுக்காரி என்று தெரிந்த அன்றைக்குத்தான். அரியலூரில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம் அது!

அவருக்கு நாற்பத்தாறு வயது. அரியலூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கணக்கு வாத்தியார். ஏழு வருடத்துக்கு முன்னால் கணக்குப் போடுகிற நிரல்களை ஒன்றாகச் சேர்த்து, 'அணி' என்று பேர் வைத்து இணையத்தில் போட்டார். சமன்பாடுகளைக் கொடுத்தால் x என்ன, y என்ன என்று விடை சொல்லும். ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், இந்த இடத்தை இப்படி மாற்றுங்கள் என்று திருத்தம் எழுதி அனுப்பலாம். சேர்ப்பதா தள்ளுவதா என்பது மட்டும் பூவரசன் கையில். பிரேசிலில் ஓர் ஆராய்ச்சி மாணவன், போலந்தில் ஒரு வாத்தியார் என்று நூற்றுச் சொச்சம் பேர் அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் "அதுல என்ன சார் பிரயோஜனம்?" என்பார்கள். எழுதியவர் பூவரசன், அரியலூர் என்று முதல் பக்கத்தில் இருக்கிறதே, உலகத்தில் அவர் பேர் இருந்த ஒரே இடம் அதுதான்.

அதற்குள்தான் ஃபர்ஹாவின் திருத்தம் வந்து விழுந்தது. ஓரம் சாரத்தில் இல்லை, சமன்பாடு தீர்க்கிற அந்த நடு நிரலையே மாற்றி எழுதியிருந்தாள். மூன்று மடங்கு வேகம் என்று போட்டிருந்தது. அளக்கிறாள் என்று நினைத்துத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார். மூன்று மடங்குதான். மறுபடி ஓட்டினார். பாழாய்ப்போன அதே மூன்று மடங்கு!

கீழே தமிழில் எழுதியிருந்தாள்: "வணக்கம் சார். நானும் பக்கத்துலதான், லப்பைக்குடிக்காடு. பெரம்பலூர்ல எம்.எஸ்சி. மேத்ஸ் படிச்சேன். வூட்டுக்காரர் துபாய்ல இருக்காங்க. புள்ளைங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் இத எழுதினேன். பாத்துச் சொல்லுங்க சார்."

புள்ளைங்க ஸ்கூலுக்குப் போனப்புறமாம்! அவர் அந்த நிரலுக்கு இரண்டு வருடக் கோடை விடுமுறையைக் கொட்டியிருந்தார். இதைச் சேர்த்துவிட்டால் 'அணி'யில் அவருடையது என்று என்ன மிச்சம் இருக்கும்? சட்டை அவருடையது, உள்ளே ஆள் வேறு.

ஆகவே மனுஷன் சேர்க்கவில்லை. சும்மா தள்ளவும் முடியாது, பொதுப் பக்கம், நூறு பேர் பார்க்கிறார்கள். நிரலுக்குள் வரும் பெயர்களை மாற்று என்றார், அன்றைக்கே மாற்றினாள். விளக்கம் போதாது என்றார், இரண்டு பக்கம் எழுதினாள். அந்த விளக்கம் அவர் பாடம் நடத்துவதைவிடத் தெளிவாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல். இவளுக்குக் கோபமே வராதா என்று பல்லைக் கடித்தார்.

"என்னங்க, காலைல எந்திரிச்சா ஃபர்ஹா, காபி குடிச்சா ஃபர்ஹா. எனக்கே சந்தேகமா இருக்கு," என்றாள் அவர் மனைவி லாவண்யா, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே.

"அவ கோட்ல தப்பு இருக்குடி. இருந்தே ஆவணும்."

"பாத்தீங்களா?"

"இன்னும் கெடைக்கல."

லாவண்யா சிரித்த சிரிப்பு அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

தப்பைத் தேட ஒரு தனி நிரலே எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு வருடத்தில் தன் நிரலைச் சோதிக்க அவர் இவ்வளவு உழைத்ததில்லை. விதவிதமான சமன்பாடுகளை அது தானே உருவாக்கும், அவர் நிரலுக்கும் ஃபர்ஹா நிரலுக்கும் கொடுக்கும், விடை வேறுபட்டால் நின்றுவிடும். எட்டு நாள் நிற்காமல் ஓடியது. ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, நின்றது.

இரண்டே இரண்டு சமன்பாடு. ஒன்றில் ஒன்றுக்குப் பின்னால் இருபது பூஜ்யம் போட்ட ராட்சச எண்கள். இன்னொன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்: x-ஐயும் y-ஐயும் கூட்டினால் இரண்டு. அவருடைய நிரல் x பூஜ்யம், y ஒன்று என்றது. ஃபர்ஹாவுடையது இரண்டுமே ஒன்று என்றது.

"மாட்டினாடி!" என்று கத்தினார் பூவரசன். அடுத்த நிமிடமே பொதுப் பக்கத்தில் எழுதிப் போட்டார்: "ஒன்பது நாள் சோதித்தேன். இந்த இரண்டு சமன்பாட்டுக்கு உங்கள் நிரல் தவறான விடை தருகிறது. சரியான விடை பூஜ்யம், ஒன்று. வேகம் மட்டும் போதாது அம்மா, கணக்கு சரியாக இருக்க வேண்டும்." அந்தக் கடைசி வரியை ஆறு முறை படித்து ரசித்தார். அன்றைக்கு அவர் சாப்பிட்ட தோசை எட்டு.

பதினொரு மணிக்குப் பதில் வந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டாவது சமன்பாட்டுல கூட்டினா ரெண்டு வரணும். பூஜ்யத்தையும் ஒன்னையும் கூட்டினா ஒன்னுதானே சார் வருது?"

பூவரசன் அதைப் படித்தார். விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்தார். கணக்கு வாத்தியார், இருபது வருட சர்வீஸ், விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்தார் ஐயா! பூஜ்யமும் ஒன்றும் ஒன்றுதான். தன் நிரல் சொன்னதுதான் சரி என்று வைத்துக்கொண்டு அவளுடையதை அளந்திருக்கிறார், கூட்டிப் பார்க்கக்கூட இல்லை. ராட்சச எண்களும் குட்டி எண்களும் ஒன்றாக வந்தால் அவர் நிரல் தடுமாறி, சின்னதை விழுங்கிவிடுகிறது. ஃபர்ஹா முதலில் ஒவ்வொரு வரிசையையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் கணக்கையே தொடுகிறாள். ஏழு வருடமாக அவருடையது தப்பு. போலந்து வாத்தியார் கீழே ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

மூன்று நாள் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், புத்தி போன போக்கைச் சொல்ல வேண்டும். அவள் திருத்தத்தைத் தள்ளிவிட்டு, அதே யோசனையைத் தானே எழுதிச் சேர்த்தால் என்ன என்று யோசித்தார். சாவி என்னிடம்தானே? புதன்கிழமை சாயங்காலம் அதற்காகவே உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தார்.

ஃபர்ஹா முந்தியிருந்தாள். புதுப் பதிப்போடு போக வேண்டிய அறிவிப்பையும் எழுதி அனுப்பியிருந்தாள். அதில் இப்படி இருந்தது: "பழைய நிரலில் இருந்த பிழையைக் கண்டுபிடித்தவர்: பூவரசன், அரியலூர்." கீழே அவருக்கு ஒரு வரி: "சார், நீங்க ஒன்பது நாள் தேடலன்னா இந்தப் பிழை யாருக்குமே தெரிஞ்சிருக்காது. பேரு உங்களுக்குத்தான் சேரணும். நான் எழுதினத இவ்ளோ அக்கறையா யாரும் படிச்சதில்ல சார்."

பூவரசன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கூடத்துக்குப் போனார், திரும்பி வந்தார்.

"என்ன ஆச்சுங்க?" என்றாள் லாவண்யா.

"கெட்டிக்காரியா இருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன். நல்லவளாவும் இருக்காளே, நான் என்னதான்டி பண்றது!"

லாவண்யா ஸ்க்ரீனில் இருந்ததைப் படித்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"அக்கறையிலதான் தேடினீங்களா?"

பூவரசன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்ப அத எழுதுங்க. உள்ளத ஒத்துக்கிற அந்த ஒன்னுலதான் அவ உங்கள முந்த முடியாது."

பூவரசன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அறிவிப்பில் தன் பேர் இருந்த வரியை அழித்தார். திரும்பப் போட்டார். திரும்ப அழித்தார். பிறகு நூறு பேரும் படிக்கும்படி எழுதினார்: "பிழையைக் கண்டுபிடித்தவர் ஃபர்ஹா, லப்பைக்குடிக்காடு. நான் தேடியது அவருடைய நிரலில் தவறு இருக்க வேண்டும் என்ற ஆசையில். பொறாமை. பிழை ஏழு வருடமாக என்னுடையது."

அதே கையோடு ஃபர்ஹாவின் திருத்தத்தைச் சேர்க்கிற பொத்தானை அழுத்திவிட்டார்.