பதினாலு வெள்ளைச் சட்டை

அந்தச் சலவைக்கடையில் இஸ்திரி மேசை அவளுடையது. கறை எடுக்கும் மேசை அப்பாவுடையது. மெஷின்களை அண்ணன் பார்த்துக்கொண்டான். அவள் கணவன் வாசல் பக்கத்துக் கவுண்டரில் நின்று, வருகிற துணிகளுக்கு நம்பர் சீட்டு குத்துவான். ஒன்பது வருஷம் பழச்சாறு ஆலையில் திராட்சை பிழிந்தவன். ஆலையை மூடிவிட்டார்கள், மாமனார் கடைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. ஆள் நல்ல உயரம், பேச்சு குறைச்சல். அண்ணன் அவனுக்கு 'சீட்டு மாஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தான். கிண்டல்தான், விஷமில்லை. ஆனால் அது காதில் விழும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். அவனோ சிரித்துவிட்டு அடுத்த சீட்டை எடுப்பான்.

ஒரு சனிக்கிழமை காலை, கடை திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பாட்டு டீச்சர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். இரண்டு கையிலும் பெரிய பைகள். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவருடைய மாணவிகள் நகர மண்டபத்தில் பாடப்போகிறார்கள். மேடைக்கான சட்டைகளைக் காரின் பின்சீட்டில் வைத்து, அதன்மேல் ஒரு பெட்டி கறுப்பு திராட்சையையும் வைத்திருக்கிறார். ஒரு திருப்பத்தில் பிரேக் போட்டதும் பெட்டி கவிழ்ந்தது. பக்கத்திலிருந்த ஸ்பீக்கர் அதன்மேல் சரிந்து மொத்தத்தையும் நசுக்கிவிட்டது.

பதினாலு வெள்ளைப் பருத்திச் சட்டை. கூடவே டீச்சரின் சொந்தப் பட்டுச் சட்டை ஒன்று. எல்லாம் கருஞ்சிவப்பில் திட்டுத் திட்டாக.

"நாலரைக்கு வாங்க, தயாரா இருக்கும்" என்றார் அப்பா, பையைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே.

அவர் அப்படித்தான். எண்ணெய், மை, ரத்தம், துரு எதற்கும் அசராதவர். டீச்சர் போனதும் ஒரு சட்டையை எடுத்து, சோப்புக் கரைசலில் முக்கி, பிரஷால் ரெண்டு தேய்ப்பு தேய்த்தார். சிவப்பாக இருந்த கறை கண்ணெதிரே நீலமாக மாறியது. இன்னும் தேய்த்தார். நீலம் கறுத்து, சாம்பல் பூத்து, நூலோடு நூலாக உட்கார்ந்துகொண்டது.

"என்னப்பா இது, நீங்க சாயம் போட்டுட்டீங்க போலிருக்கே" என்றான் அண்ணன். அப்பாவின் காது மடல் சிவந்தது.

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். சீட்டு குத்துவதை நிறுத்திவிட்டு அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு ஏதோ சொல்லத் துடித்தது. மரியாதை வாயை அடைத்திருந்தது.

அவனுக்கு என்ன தெரியும் என்பது அந்தக் கடையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆலையிலிருந்து தினமும் நெஞ்சு முதல் முட்டிவரை சாறு தெறித்துத்தான் வீட்டுக்கு வருவான். கல்யாணமான முதல் வாரம் அவள் அந்தத் துணியை வாங்கக் கை நீட்டியபோது, "நீ காலையிலேர்ந்து ஊரான் துணியோட மல்லுக்கட்டிட்டு வர்றே. என் துணியை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான். ஒன்பது வருஷமும் தன் துணியைத் தானே கறை நீங்கத் துவைத்தான். சலவைக்காரர் மகள் புருஷனைத் துவைக்க வைக்கிறாள் என்று பேசுவார்களோ என்று அவள் இதை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இப்போது இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, "அப்பா, அவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள்.

அவன் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். அவள் பார்வையை நகர்த்தவே இல்லை.

"சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா, சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மாமா... திராட்சைக்கு சோப்பு ஆகாது. நீலமாகிப் பிடிச்சுக்கும். முதல்ல சோப்பை முழுசா அலசி எடுத்துட்டு வினிகர் விட்டா, மறுபடி சிவப்பாகும். சிவப்பா இருக்கும்போதே விரட்டிடணும்."

"எப்படி?"

"கொதிக்கிற தண்ணியில, மேலேர்ந்து ஊத்தி."

அண்ணன் வாயைத் திறந்தான். அப்பா கையைக் காட்டி அடக்கினார். "கெட்டது கெட்டுப்போச்சு, இதுலயே காட்டுங்க" என்று அந்த நீலம் பாய்ந்த சட்டையை நீட்டினார்.

அவன் சட்டையைப் பச்சைத் தண்ணீரில் நாலு தடவை அலசினான். கறைமேல் வினிகரை ஊற்றியதும் நீலம் மெல்ல இளகி ரோஜா நிறத்துக்கு வந்தது. வெளிப்பக்கம் கீழே இருக்கும்படி சட்டையை வாளியின் வாயில் விறைப்பாக இழுத்து, ரப்பர் பட்டையால் கட்டினான். கெட்டிலோடு முக்காலிமேல் ஏறி, தலை உயரத்திலிருந்து விட்டான். கம்பி மாதிரி இறங்கிய தண்ணீர் கறையின் நடுவில் மோதியது. வாளிக்குள் இளஞ்சிவப்பு சொட்டியது. இரண்டாவது கெட்டில் முடிந்தபோது கறை இருந்த இடத்தில் லேசான மஞ்சள் நிழல்தான் மிச்சம். நன்றாக அலசி, அப்பாவின் அலமாரியிலிருந்தே வெளுப்பு மருந்தான பெராக்சைடை எடுத்துத் தடவி வெயிலில் போட்டான். அரை மணியில் நிழலும் போன இடம் தெரியவில்லை.

அப்பா சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். பிறகு மகனிடம், "இன்னொரு கெட்டிலும் போடுடா. மச்சான் கேக்கறதை எடுத்துக் குடு" என்றார்.

அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல் இருக்க, இஸ்திரி போட்ட தலையணை உறை ஒன்றை மறுபடியும் போட்டாள்.

பட்டுச் சட்டையை எடுத்தபோது மட்டும் அவன் நின்றான். "மாமா, இது எனக்குத் தெரியாது. பட்டுல கொதிநீர் பட்டா போச்சு. இதுக்கு உங்க கைதான்."

அப்பா அதை வாங்கிக்கொண்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுத்தார். ஒருத்தர் முக்காலிமேல், ஒருத்தர் அதன் காலடியில். மத்தியானச் சாப்பாட்டை இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

நாலரைக்கு டீச்சர் வந்தபோது பதினாலும் மடிப்பு கலையாமல் அடுக்கியிருந்தன. பட்டில் மட்டும் கழுத்தோரம் மிளகளவு ஒரு புள்ளி நின்றுவிட்டது. அப்பா அதை மறைக்காமல் எடுத்துக் காட்டினார்.

"அதை ஒரு ப்ரூச்சை வச்சு சமாளிச்சுக்கறேன். ஆனா இதெல்லாம் எப்படிங்க?" என்று டீச்சர் சட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எங்க மாப்பிள்ளை எடுத்தது" என்றார் அப்பா. "எனக்கு வரலை. நான் ஒண்ணைக் கெடுத்தே வச்சிருந்தேன்." சொல்லும்போது குரலில் ஒரு துளி கூச்சமில்லை. "ஒன்பது வருஷம் பழத்தோட இருந்தவரு. நான்தான் கேக்காம விட்டுட்டேன்."

அவன் கூச்சம் தாங்காமல் நம்பர் சீட்டுக் கட்டைத் தேடினான். அது அண்ணன் கையில் இருந்தது. "இதை இனிமே நான் பாத்துக்கறேன், மச்சான்" என்றான் அண்ணன்.

டீச்சர் எல்லோரையும் நிகழ்ச்சிக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தினார். மண்டபத்தில் கடைசி வரிசைதான் கிடைத்தது. திரை விலகியதும் மேடை விளக்கில் பதினாலு சட்டையும் பளீரென்று நின்றன. அப்பா பக்கத்து நாற்காலிக்காரரின் தோளைத் தட்டி, மேடையைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்த மனிதர் பாட்டையும் விட முடியாமல் இவரையும் விட முடியாமல் தவித்தார்.

"மூணாவது பொண்ணோட காலர்ல ஏதோ தெரியுது பாரு" என்று கணவன் அவள் காதில் கிசுகிசுத்தான்.

"அது மைக் நிழலுங்க. பேசாம பாட்டைக் கேளுங்க" என்றாள் அவள். ஆனால் அவளும் பாட்டைக் கேட்கவில்லை.