கல்லில் வெட்டவிருந்த வாக்கியம்

அம்மாவின் கல்லறைக் கல்லில் என்ன பொறிப்பது என்று அண்ணன் என்னைக் கேட்கவில்லை. முடிவு செய்துவிட்டுத்தான் சொன்னான்.

"பைபிள் வசனம் எல்லாரும் போடுறாங்க. நாம அம்மா கடைசியா சொன்னதையே போட்டுடலாம். 'சின்னவ வந்துட்டாளா? அவளுக்குச் சாப்பாடு எடுத்து வைங்க.' என்ன சொல்ற?"

சின்னவள் நான்தான். அம்மா போனபோது நான் ரயிலில் இருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வருடத்தை ஓட்டினேன். ஆனால் அன்று அண்ணன் சொல்லி முடித்ததும் அடுப்படியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "ஆமா, கண்ணத் திறந்து கேட்டாங்க. சின்னவ வந்துட்டாளா, அவளுக்குச் சாப்பாடு எடுத்து வைங்கன்னு."

எனக்கு மூக்கில் வியர்த்தது. 'கண்ணத் திறந்து' என்பதுகூட அண்ணன் வழக்கமாகச் சொல்வதுதான். ஒரு சொல் முன்னே பின்னே இல்லை. இருவரும் சொல்லி வைத்தாற்போலப் பேசினார்கள்.

நான் இறையியல் கல்லூரியில் பைபிள் வரலாறு நடத்துகிறேன். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவள். என் ஆசிரியர்கள் காலத்தில் பைபிளில் ஒரு போர் வந்தால், மண்வெட்டியோடு போய் இடிந்த மதிலைத் தேடினார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இது நடந்ததா? அடுத்து வந்தவர்கள் மண்ணை விட்டுவிட்டு வாக்கியங்களைத் தோண்டினார்கள்: இதை யார் எழுதினார், யாரைப் பார்த்து எழுதினார்? இப்போது வேறொன்று கேட்கிறோம்: இது யாருக்காக எழுதப்பட்டது, அப்போது அவர்களுக்கு எங்கே வலித்தது? மூன்றையும் வருடாவருடம் முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிவிடுவேன்.

தாவீது ராஜாவின் கதை பைபிளில் இரண்டு இடத்தில் வருகிறது. ஓரிடத்தில் அவர் அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைப் போரில் சாகவிடுகிறார். பின்னால் எழுதப்பட்ட இன்னொன்றில், பல பகுதிகள் வரிக்கு வரி அதே போல இருக்க, அந்தச் சமாச்சாரம் மட்டும் காணோம். "ரெண்டு பேர் ஒரே வார்த்தையில சொன்னா, ஒருத்தர் காப்பி அடிச்சிருக்கார். எது காணாமப் போச்சோ அங்கதான் விஷயம் இருக்கு" என்பேன். மாணவர்கள் சிரிப்பார்கள்.

அண்ணன் கதையில் காணாமல் போனது கடைசி நாளின் மத்தியானம். காலையில் நர்ஸ் வந்து ஊசி போட்டதைச் சொல்வான், டாக்டர் உதட்டைப் பிதுக்கியதைச் சொல்வான், பிறகு ஒரே தாவலாக அந்த வாக்கியத்துக்குப் போய்விடுவான். நடுவில் எங்கே போனான்? மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அவசர வேலை வந்துவிட்டால் சோறு தண்ணீர்கூட நினைவிருக்காது. அம்மாவைத் தனியாகப் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருப்பானோ?

அண்ணியின் வாயைக் கிளறிப் பார்த்தேன்.

"அன்னிக்கு மத்தியானம் அண்ணன் எங்க அண்ணி?"

"இங்கதான். எங்க போவாரு?" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணியை எடுத்து மறுபடியும் மடித்தாள்.

அது போதாதா எனக்கு? தினமும் ஊசி போட வந்த நர்ஸைத் தேடி அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே போனேன். மருந்து டிராலியைத் தள்ளியபடியே பேசினாள்.

"கடைசி ரெண்டு நாளும் அவங்களுக்குப் பேச்சே இல்லையே மேடம். கண்ணே திறக்கல. வீட்டுல சொல்லலையா?"

நேரே அண்ணன் கடைக்குப் போனேன். வாசலில் அவிழ்த்துப்போட்ட பம்புகளைத் தாண்டி உள்ளே நுழைந்தபோது செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான்.

"அம்மா அப்படிச் சொல்லவே இல்ல. மத்தியானம் நீ எங்க இருந்த?"

அவன் கை நின்றது. சுற்றின் கணக்கு தப்பியிருக்கும், அதை அவன் கவனிக்கவில்லை.

"அம்மா பக்கத்துலதான். கையப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன்."

"அப்ப ஏன் அதப் பத்தி வாயே திறக்க மாட்டேங்கற?"

"சொல்ல என்ன இருக்கு? மூச்சு மட்டும்தான் இருந்துது. அப்புறம் அதுவும் இல்ல." துணியில் கையைத் துடைத்தான். "அந்த நேரம் பார்த்து நீ ரயில்லருந்து போன் பண்ண. என்னக் கேட்டாங்களா, என்னக் கேட்டாங்களான்னு அழுதுட்டே இருந்த. நினைவே இல்லாம போயிட்டாங்கன்னு எப்படிச் சொல்றது? வாயில வந்தத சொல்லிட்டேன்."

"அண்ணி?"

"அவ மாத்தி உளறிடக் கூடாதுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அதக் கொண்டுபோய் கல்லுல வேற வெட்டணுமா?"

"வந்தவங்க போனவங்ககிட்ட எல்லாம் நீதான அதச் சொல்லிச் சொல்லி அழுத? உனக்கு அது வேணும்னு நினைச்சேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. நடந்ததா என்று கேட்டேன், யாரைப் பார்த்து யார் சொன்னது என்று கேட்டேன். யாருக்காக என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. வலித்தது எனக்கு. எனக்காகத்தான் அந்த வாக்கியத்தை அவன் உண்டாக்கியிருந்தான். அவன் மேல் நான் கொலைப்பழி தவிர எல்லாப் பழியையும் போட்டிருந்தேன்.

"நிஜமா கடைசியா என்னதான் சொன்னாங்க?"

அண்ணன் அசடு வழியச் சிரித்தான். "'தொட்டி வழியுது, மோட்டார அணைடா.' ஊர் மோட்டாரெல்லாம் பார்க்குற, வீட்டு மோட்டார அணைக்கத் துப்பில்லன்னு கூடவே திட்டு வேற."

கேட்டவுடனே நம்பினேன். தன் மானத்தைத் தானே வாங்கும் கதையை யாரும் இட்டுக்கட்ட மாட்டார்கள். சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் நின்றேன். அண்ணன் ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு, வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

அவன் போன் அடித்தது. கல் வெட்டுகிறவர். அண்ணன் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்து என்னிடமே நீட்டினான்.

"நீயே சொல்லிடு. வேணாம்னா வசனமே போட்டுக்கலாம்."

"வார்த்தை ஏதாவது மாத்தணுமாம்மா?" என்றார் கல் வெட்டுகிறவர்.

"வேணாங்க. அப்படியே வெட்டுங்க." சரிபார்க்க ஒருமுறை சொல்லச் சொன்னார். சாப்பாடு என்ற இடத்தை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

"சரிம்மா. கீழ, அம்மா சொன்னதுன்னு போட்டுடவா?"

அண்ணன் தன் இடத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு கம்பியை முதலிலிருந்து சுற்றத் தொடங்கியிருந்தான்.

"அப்படிப் போடாதீங்க," என்றேன். "அது எங்க அண்ணன் சொன்னது."